கேட் தேர்வுக்கு நேரம் போதவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காலை ஏழு மணிக்கு அம்பாசமுத்திரத்தில் வீட்டை விட்டு இறங்கி, கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை முடித்து, இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர். பாளையங்கோட்டையில் இறுதியாண்டு படித்துக்கொண்டு, புராஜெக்ட், வேலைவாய்ப்பு முகாம் என்று அலைகிறவர். பி.இ. முடித்துக் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு மேலப்பாளையத்தில் இருந்தபடியே எம்.டெக். ஆசையை விடாமல் வைத்திருப்பவர். எம்.டெக். போன்ற மேற்படிப்புகளுக்கான அகில இந்தியத் தேர்வு கேட். நெல்லைச் சீமையில் அதை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முழு நாளும் படிக்க வசதி உள்ளவர்கள் அல்லர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: நேரம் போதவில்லை. அது உண்மை. ஆனால் இருக்கிற கொஞ்ச நேரமும் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் ஒருவருடைய அட்டவணையை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்வதில் பயனில்லை. உங்கள் அறிகுறியைத் தேடுங்கள், முதலில் சோதனையைச் செய்யுங்கள், பிறகு மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். நான்கை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

தேர்வின் அளவை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். பொதுத் திறனுக்கு 10 கேள்விகளில் 15 மதிப்பெண். பொறியியல் தாள்கள் பெரும்பாலானவற்றில் கணிதத்துக்கு 13, பாடத்துக்கு 72. கேள்விகள் மூன்று வகை: நான்கில் ஒரு விடை, ஒன்றோ அதற்கு மேலோ சரியாக இருக்கக்கூடிய பலவிடை, எண்ணை நாமே உள்ளிடும் வகை. தவறுக்கு மதிப்பெண் கழிவது முதல் வகைக்கு மட்டும். தேர்வு பிப்ரவரி மாத வார இறுதிகளில் நடக்கிறது. வாங்கிய மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும்.

அறிகுறி: "உட்காரவே நேரம் கிடைப்பதில்லை"

சோதனை: ஒரு வாரத்துக்குச் சட்டைப் பையில் ஒரு துண்டுத்தாள். பேனா பிடித்துக் கணக்குப் போட்ட நிமிடங்களை மட்டும் அதில் எழுதுங்கள். புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தது, வீடியோ ஓடியது, எதைப் படிக்கலாம் என்று நண்பரிடம் பேசியது எதுவும் கணக்கில் சேராது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்து பார்த்தவர்களில் பலருக்கு, தினமும் இரண்டு மணி நேரம் படிப்பதாக நினைத்தது இருபது நிமிடமாகச் சுருங்கியிருக்கும்.

சரிசெய்யும் வழி: நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள். மேசை வேண்டிய நேரம், மேசை வேண்டாத நேரம். செங்கோட்டையிலிருந்து நெல்லைக்கு வரும் பயணிகள் ரயிலில் கல்லிடைக்குறிச்சியில் ஏறுகிறவருக்கு இருக்கை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த நேரத்தில் கணக்குப் போட முடியாது. ஆனால் பழைய வினாத்தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் "இது எந்தப் பாடம், எந்த வழி, எந்தச் சூத்திரம்" என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டே போகலாம். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் பத்துக் கேள்விகளாவது நகர்ந்துவிடும். வீடு திரும்பியதும் அவற்றில் தடுமாறிய இரண்டை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும்.

மேசை நேரத்தை அதிகாலையில் வையுங்கள். ஒன்றே கால் மணி நேரம் தினமும், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். வாரத்துக்குப் பதினொன்றரை மணி நேரம் ஆகிறது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினால் ஜனவரி முடிவதற்குள் 250 மணி நேரத்தைத் தொட்டுவிடலாம். பேனா பிடித்த 250 மணி நேரம் என்பது பெரிய முதல்.

வீட்டிலிருந்து படிக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் ஒத்துவராது என்பது எனக்குத் தெரியும். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற ஒரு சொல்லிலேயே அவர்களுடைய நாள் கரைந்துபோகிறது. குழந்தை தூங்கும்போது படிக்கலாம் என்ற யோசனையை நான் சொல்லமாட்டேன். குழந்தை தூங்கும்போதுதான் மற்ற வேலை அத்தனையும் வந்து நிற்கும். மாமியாரோ கணவரோ அம்மாவோ, ஒருவரிடம் கடிகார நேரம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்: "காலை ஐந்திலிருந்து ஆறேகால் வரை பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பிப்ரவரி வரைக்கும்." தொடக்கமும் முடிவும் உள்ள உதவியைக் கேட்டால் வீட்டார் பெரும்பாலும் தருவார்கள். தராவிட்டால், அது உங்கள் முயற்சியின் குறையன்று. அந்த வீட்டுக்கு யாராவது எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

அறிகுறி: "வீடியோ பார்க்கும்போது புரிகிறது, கணக்கைப் பார்த்தால் கை ஓடவில்லை"

இதுதான் பரவலான கோளாறு. இலவசமாக என்.பி.டி.இ.எல். பாடங்கள் (ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் இணையவழி வகுப்புகள்) கிடைக்கின்றன, யூடியூபிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பொருள் இல்லாமல் யாரும் தவிக்கவில்லை. பார்ப்பது படிப்பாகிவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது, அதுதான் சிக்கல்.

சோதனை: ஒரு பாடத்தைப் பார்த்து முடித்ததும் கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள். ஐகன் மதிப்பு பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். வெற்றுத்தாளில் ஓர் அணியை (மேட்ரிக்ஸை) எழுதுங்கள்: முதல் வரிசை 4, 1, இரண்டாம் வரிசை 2, 3. ஐகன் மதிப்புகள் என்ன? மூலைவிட்டக் கூடுதல் 7, அணிக்கோவையின் மதிப்பு 10. கூடுதல் 7, பெருக்கல் 10 வரும் இரண்டு எண்கள் 5, 2. அவைதான் விடை. இது வந்துவிட்டதா? அடுத்து: அந்த அணியின் வர்க்கத்துக்கு ஐகன் மதிப்புகள் என்ன? 25, 4. நேர்மாறுக்கு? ஐந்தில் ஒன்று, இரண்டில் ஒன்று. இப்போது அணியையே மறைத்துவிட்டு, கூடுதலையும் பெருக்கலையும் மட்டும் கொடுத்து, வர்க்கத்தின் மூலைவிட்டக் கூடுதலைக் கேட்டால்? 29 என்று சொல்ல வேண்டும். கேட் தேர்வு பாடத்தை இப்படித்தான் திருப்பிக் கேட்கும். வீடியோவில் முதல் படிதான் இருந்தது. மற்ற மூன்று படிகள் உங்கள் கையில் நடக்க வேண்டியவை.

சரிசெய்யும் வழி: வரிசையை மாற்றுங்கள். முதலில் கேள்வி, பிறகு பாடம். பழைய வினாத்தாளில் அந்தப் பகுதியின் மூன்று கேள்விகளை எடுத்துப் பத்து நிமிடம் முட்டிப் பாருங்கள். வரவே இல்லையென்றாலும் முட்டுங்கள். எங்கே வழி அடைபடுகிறது என்று தெரிந்த பிறகு, வீடியோவில் அந்த இடத்தை மட்டும் பாருங்கள். ஒரு மணி நேரப் பாடத்தில் உங்களுக்குத் தேவையானது பன்னிரண்டு நிமிடமாக இருக்கலாம்.

2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை இரு வகையாகப் படிக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக ஒப்பித்தார்கள். வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்திக்கொண்டார்கள். தேர்வு உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அறிகுறி: "படித்தது பத்து நாளில் மறந்துபோகிறது"

மறப்பது இயல்பு, அதற்காகப் பாடத்தை முதலிலிருந்து தொடங்குவதுதான் பிழை. ஒரு பகுதியை முடித்த மறுநாள் இரண்டு கணக்கு, ஒரு வாரம் கழித்து இரண்டு, மாதம் கழித்து இரண்டு. தேதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள், அடுப்படியில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். சூத்திரங்களை அச்சடித்த புத்தகமாக வாங்காதீர்கள். நீங்களே, நினைவிலிருந்து, வாரம் ஒருமுறை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். விட்டுப்போனவை எவை என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: "சிலபஸ் முடியவில்லை, முடித்த பிறகுதான் மாதிரித் தேர்வு"

முடியாது. வேலைக்குப் போகிறவருக்கு நான்கு ஐந்து மாதத்தில் பொறியியல் பாடத்திட்டம் முழுவதும் முடியாது. இதை வருத்தத்துக்காகச் சொல்லவில்லை, திட்டமிடுவதற்காகச் சொல்கிறேன். அகல உழுவதைவிட ஆழ உழு என்று நம் ஊர் விவசாயிக்குத் தெரிந்தது இங்கும் பொருந்தும்.

கடந்த பத்து ஆண்டு வினாத்தாள்களை எடுங்கள். தேர்வை நடத்தும் நிறுவனங்களின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதற்குக் கொடுங்கள்: எந்தப் பகுதியிலிருந்து எத்தனை மதிப்பெண் வந்திருக்கிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். பயிற்சி நிலையம் கொடுக்கும் அட்டவணையை நம்பி இதைத் தவிர்க்காதீர்கள். எண்ணும்போதே கேள்விகளின் முகம் பழகிவிடும், அந்தப் பழக்கம் அட்டவணையில் கிடைக்காது. பிறகு பகுதிகளை மூன்றாகப் பிரியுங்கள்: (1) தேர்வில் அதிகம் வருவது, எனக்கும் தெரிந்தது; (2) தேர்வில் அதிகம் வருவது, எனக்குத் தெரியாதது; (3) தேர்வில் குறைவாக வருவது, எனக்கும் தெரியாதது. மூன்றாவதை இப்போதே, மனதறிந்து, விட்டுவிடுங்கள். நவம்பரில் யாரோ "அதைப் படித்தாயா?" என்று கேட்டவுடன் திரும்பி ஓடக்கூடாது.

பொதுத் திறனும் கணிதமும் சேர்ந்து 28 மதிப்பெண். இந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளுவது நேரம் குறைந்தவர்கள் செய்யும் பெரிய இழப்பு. கேட் நடக்கும் ஒவ்வொரு ஆண்டும் பல பாடங்களுக்குப் பல அமர்வுகளில் தேர்வு நடக்கிறது; பொதுத் திறன் கேள்விகளும் அமர்வுக்கு அமர்வு வேறு. ஆக, நீங்கள் சிவில் எழுதினாலும் வேதியியல், சுரங்கவியல் தாள்களின் முதல் பத்துக் கேள்விகளும் உங்களுக்குப் பயிற்சிதான். ரயிலில் செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை.

அறிகுறி: "மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டே இருக்கிறேன், மதிப்பெண் நகரவில்லை"

தேர்வு எழுதும் மூன்று மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்வதில்லை. எழுதி முடித்த பிறகு தவறுகளோடு உட்காரும் மூன்று மணி நேரத்தில்தான் மதிப்பெண் நகர்கிறது. வாரம் இரண்டு தேர்வு எழுதி, மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவர் அதே தவறுகளுக்கு வேகமாகப் பழகிக்கொள்கிறார்.

சோதனை: கடைசியாக எழுதிய மாதிரித் தேர்வில் இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஓர் எழுத்துப் போடுங்கள். அ: பாடமே தெரியாது. ஆ: தெரியும், அந்த நேரத்தில் வரவில்லை. இ: வழி சரி, கணக்கில் பிசகு. ஈ: கேள்வியைத் தவறாக வாசித்தேன். உ: நேரம் இல்லாமல் தொடவே இல்லை.

எழுத்துகளை எண்ணினால் மருந்து தானாகத் தெரியும். "அ" மிகுந்தால் படிக்க வேண்டும், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதிகளில் மட்டும். "ஆ" மிகுந்தால் புதிதாக எதையும் தொடாமல் மீள்பார்வைத் தேதிகளைச் சரிசெய்யுங்கள். "உ" மிகுந்தால் கேள்வித் தேர்வில் குறை. 180 நிமிடத்துக்கு 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம் கூடக் கிடையாது. இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றில் நான்கு நிமிடம் தாண்டியும் பாதை தெரியவில்லையென்றால் விட்டு நகருங்கள், திரும்பி வரலாம்.

"இ"யைத்தான் எல்லோரும் "கவனக்குறைவு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கவனக்குறைவு என்று ஒரு நோய் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. ஓர் உதாரணம். தேர்வறையில் சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. திரையில் தெரியும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்த வேண்டும். அதில் கோணத்தை டிகிரியிலோ ரேடியனிலோ வைக்கும் பொத்தான் உண்டு. சைன் 0.5 ரேடியன் என்றால் 0.479. பொத்தான் டிகிரியில் இருந்தால் அதே 0.5க்கு 0.0087 என்று வரும். எண் உள்ளிடும் கேள்வியில் நான்கு விடைகள் எதிரே இருக்காது, தவறு என்று சந்தேகம் கூட எழாது. வழி முழுவதும் சரி, மதிப்பெண் பூஜ்யம். இன்னோர் இடம்: இடைப்படியிலேயே தசமத்தைச் சுருக்கிவிடுவது. கேள்வி இரண்டு தசம இடம் கேட்டால், கடைசிப் படியில் மட்டும் சுருக்குங்கள்.

ஆகவே, வீட்டில் கணக்குப் போடும்போதே கையில் இருக்கும் பழைய கால்குலேட்டரை எடுத்து உள்ளே வையுங்கள். கேட் இணையதளத்தின் மாதிரித் தேர்வுப் பக்கத்தில் அதே திரைக் கால்குலேட்டர் இருக்கிறது. டிசம்பர் முதல் அதை மட்டுமே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: "நிறைய எழுதுகிறேன், தவறான விடைகள் தின்றுவிடுகின்றன"

கணக்காகவே பார்ப்போம். நான்கில் ஒரு விடை வகையில் ஒரு மதிப்பெண் கேள்விக்குத் தவறினால் மூன்றில் ஒரு மதிப்பெண் (1/3) கழியும், இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டு மதிப்பெண் (2/3). எதுவுமே தெரியாமல் ஊகித்தால், சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, பூஜ்யம். ஒரு விடையை உறுதியாக நீக்கிவிட்டு மீதி மூன்றில் ஊகித்தால், ஒரு மதிப்பெண் கேள்வியில் சராசரி லாபம் ஒன்பதில் ஒரு மதிப்பெண். இரண்டை நீக்க முடிந்தால் மூன்றில் ஒன்று. ஆகவே விதி இதுதான்: ஒன்றையாவது காரணத்தோடு நீக்க முடிந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். "இது சரியாக இருக்கும் போலிருக்கிறது" என்பது காரணம் ஆகாது. அலகு பொருந்தவில்லை, குறி எதிராக இருக்கிறது, எல்லை மதிப்பில் உடைகிறது, இவை காரணங்கள்.

எண் வகையிலும் பலவிடை வகையிலும் கழிவு இல்லை, வெறுமனே விடாதீர்கள். பலவிடையில் பாதி சரிக்குப் பாதி மதிப்பெண் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

அறிகுறி: "ஆங்கிலத்தில் கேள்வியை வாசிக்கவே நேரம் போகிறது"

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள் இதை வெட்கத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட் கேள்விகளின் ஆங்கிலம் ஒரு சிறிய வட்டத்துக்குள் சுழல்வது. பத்து ஆண்டுத் தாள்களைப் போட்டவருக்கு அந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வந்து பழகிவிடும். நீண்ட கேள்வியில் கடைசி வரியை முதலில் வாசியுங்கள், என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு மேலே போங்கள். "எது தவறு", "எப்போதும் உண்மை எது" என்ற பொருளில் வரும் சொற்களை எழுதுதாளில் ஒரு சொல்லாகக் குறித்துக்கொண்டால் "ஈ" வகை இழப்பு பாதியாகக் குறையும்.

அறிகுறி: "நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஐப்பசி முதல் எல்லாம் கலைந்துவிட்டது"

கலையத்தான் செய்யும், அதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். ஐப்பசியில் தீபாவளி, முகூர்த்தங்கள், திருச்செந்தூர்க் கந்த சஷ்டி. வயல் உள்ள வீடுகளில் பிசான நெல் நடவு. கூடவே வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனது நமக்கு மறக்காது. அடுத்த கேட் பிப்ரவரி 3ஆம் தேதி தொடங்கியது, இடையில் ஏழு வாரம் கூட இல்லை. ஆகவே, பழைய வினாத்தாள்களையாவது அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். எல்லாம் கைபேசிக்குள் இருந்தால், கைபேசி அணையும்போது படிப்பும் அணைந்துவிடும்.

மார்கழியை நான் பெரிதாக மதிக்கிறேன். கல்யாணம் காட்சி கிடையாது, காலையில் கோயில் ஒலிபெருக்கியே எழுப்பிவிடும். முழு நீள மாதிரித் தேர்வுகளை மார்கழி ஞாயிறுகளில் வையுங்கள், உங்கள் அமர்வு காலை என்றால் ஒன்பதரைக்கு, பிற்பகல் என்றால் இரண்டரைக்கு. வீட்டில் சத்தம் என்றால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் போன்ற இடத்துக்குப் போய் அச்செடுத்த தாளில் எழுதுங்கள். தை பிறந்தால் பொங்கல், கிரகப்பிரவேசம், முகூர்த்தம் என்று வரிசையாக வரும். பொங்கலுக்கு இரண்டு நாளை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். சித்தப்பா வீட்டில் உட்கார்ந்துகொண்டு படிக்கவில்லையே என்று மருகுவதில் படிப்பும் இல்லை, பொங்கலும் இல்லை. தையில் புதுப்பாடம் வேண்டாம். "இ", "ஈ" தவறுகளைத் திருத்துவது மட்டும்.

அறிகுறி: "வீட்டில் வருகிறது, தேர்வறையில் வரவில்லை"

பெரும்பாலும் திரைதான் காரணம். விசைப்பலகை வேலை செய்யாது. எண்களைக் கூடத் திரையில் மவுஸால் அழுத்தித்தான் உள்ளிட வேண்டும். விடையைத் தேர்ந்துவிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல் அடுத்த கேள்வி எண்ணுக்குத் தாவினால் அந்த விடை பதிவாகாது. இதை மாதிரித் தேர்வுப் பக்கத்தில் நான்கைந்து முறை செய்து கைக்குப் பழக்குங்கள்.

தேர்வு மையம் மதுரைக்குப் போய்விட்டது, காலை ஒன்பதரை அமர்வு என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால், "அத்தை, நாளைக் காலை தேர்வு, ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன்" என்று போன உடனே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னால் ஊர்க்கதை நள்ளிரவு வரை நீளும். அனுமதிச் சீட்டு, அதில் கேட்டிருக்கும் அசல் அடையாள அட்டை, ஒரு பேனா, மூன்றையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரே உறையில் போட்டு, மாற்றுடை வைத்த பையில் அல்லாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.